கைபேசி அலையும் வெள்ளையணுவும்: சோதனைத் தட்டில் நடப்பது என்ன?

"கைபேசிக் கதிர்வீச்சு நோய் எதிர்ப்புச் செல்களைப் பாதிக்கிறது" என்று ஒரு செய்தி கண்ணில் பட்டால், முதலில் கேட்கவேண்டியது ஒன்றுதான்: அந்தச் செல்கள் இருந்த தட்டு எவ்வளவு சூடானது? கதிர்வீச்சின் வகை, கைபேசியின் விலை, ஆய்வு நடந்த நாடு எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தத் துறையில் வெளியான முடிவுகளில் பாதிக் குழப்பம் வெப்பத்தைச் சரியாக அளக்காததால் வந்தது. மீதிக் குழப்பம், தட்டில் இருக்கும் செல்லையும் உடலில் ஓடும் செல்லையும் ஒன்றாக நினைத்ததால் வந்தது. இரண்டையும் புரிந்துகொண்டால் அடுத்த செய்தியை நீங்களே எடைபோட முடியும்.

அலை செல்லுக்கு என்ன கொடுக்கிறது

கைபேசி அனுப்புவது ரேடியோ அலை. பெரும்பாலும் 700 முதல் 2600 மெகாஹெர்ட்ஸ் வரை. 5ஜி வந்தபின் 3500 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும், சில இடங்களில் 26,000 மெகாஹெர்ட்ஸுக்கு மேலும். எக்ஸ் கதிரையும் இதையும் "கதிர்வீச்சு" என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். ஆனால் இரண்டும் செல்லுக்குள் செய்யும் வேலை வேறு.

அலை தன் ஆற்றலைச் சுமக்கும் மிகச் சிறிய பொட்டலம் ஃபோட்டான்; அதை அளக்கும் அலகு எலக்ட்ரான் வோல்ட். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டானில் இருக்கும் ஆற்றல், ஒரு எலக்ட்ரான் வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய ஏழு பங்கு. ஒரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிப்போடச் சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். பத்து லட்சம் மடங்குக்கும் மேல் பற்றாக்குறை. அதைவிட முக்கியமான ஒப்பீடு இன்னொன்று உண்டு. 37 டிகிரி உடல் வெப்பத்தில் மூலக்கூறுகள் தாமாகவே முட்டி மோதிக்கொண்டிருக்கும் ஆற்றல் 0.027 எலக்ட்ரான் வோல்ட். கைபேசி ஃபோட்டானைப்போல ஏறத்தாழ 3600 மடங்கு. ஆகவே இந்த அலை டி.என்.ஏ.வின் பிணைப்பை நேரடியாக அறுக்க வழியில்லை.

இதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. அது அவசரம். நேரடியாக அறுக்க முடியாது என்பதால் வேறெதுவும் நடக்காது என்று ஆகிவிடாது. அலை நீர் மூலக்கூறுகளையும் அயனிகளையும் ஆட்டுகிறது. அந்த ஆட்டம் வெப்பமாகிறது. வெப்பம் செல்லின் நடத்தையை மாற்றும். வெப்பம் ஏறாமலே செல்லுக்குள், அதைச் சேதப்படுத்தக்கூடிய ஆக்சிஜன் சார்ந்த வினைத்துகள்கள் கூடுமா என்பதுதான் ஆய்வாளர்கள் உண்மையில் தேடிக்கொண்டிருக்கும் கேள்வி.

எவ்வளவு ஆற்றல் உள்ளே போகிறது என்பதற்கான அளவுகோலின் பெயர் எஸ்.ஏ.ஆர். ஒரு கிலோ திசு எத்தனை வாட் உறிஞ்சுகிறது என்பதுதான் அது. பன்னாட்டு அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் தலைக்கும் உடற்பகுதிக்கும் பொதுமக்களுக்கு வைத்திருக்கும் வரம்பு, 10 கிராம் திசுவில் சராசரியாகக் கிலோவுக்கு 2 வாட். அமெரிக்க வரம்பு 1 கிராம் திசுவில் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட். முழு உடலுக்குக் கிலோவுக்கு 0.08 வாட். இந்த 0.08 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வரம்பின் தர்க்கம் புரியும்: உடல் முழுவதும் கிலோவுக்கு 4 வாட் உறிஞ்சினால் உள்வெப்பம் ஒரு டிகிரியை ஒட்டி உயரலாம், அதை 50-ஆல் வகுத்து வைத்ததுதான் 0.08. வரம்பே வெப்பத்தை மனத்தில் வைத்துத்தான் போடப்பட்டது.

இனி ஒரு சின்னக் கணக்கு. நீர் போன்ற ஒரு திரவத்தில் கிலோவுக்கு 2 வாட் இறங்குகிறது, வெப்பம் வெளியே போகவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி உயர்த்த 4180 ஜூல் வேண்டும். அப்படியானால் நிமிடத்துக்கு 0.03 டிகிரி, ஒரு மணி நேரத்தில் 1.7 டிகிரி ஏறும். தலையில் இது நடப்பதில்லை, ஏனென்றால் ஓடும் இரத்தம் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. தட்டில் இரத்த ஓட்டம் இல்லை. காற்றோட்டம் சரியில்லாத இன்குபேட்டரில் (செல்களை உடல் வெப்பத்தில் வைக்கும் பெட்டியில்) வைத்த குடுவை, யாருக்கும் தெரியாமல் 38 டிகிரியைத் தாண்டிவிடும். 38 முதல் 40 டிகிரி என்பது காய்ச்சல். காய்ச்சலில் வெள்ளையணுக்கள் நடத்தையை மாற்றிக்கொள்வது அவற்றின் இயல்பான வேலை: வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் கூடும், லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் நிணநீர்க் கணுக்களுக்குள் நுழையும் வேகம் கூடும். அந்த மாற்றத்தை அளந்துவிட்டு "கதிர்வீச்சின் விளைவு" என்று தலைப்பிட்டால், அளவீடு சரி, தலைப்பு தப்பு.

எந்த வெள்ளையணு, எப்படி எடுக்கப்படுகிறது

ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 4000 முதல் 11,000 வெள்ளையணுக்கள். அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்கள். 20 முதல் 40 விழுக்காடு லிம்போசைட்டுகள், அதாவது டி செல், பி செல், இயற்கைக் கொல்லிச் செல். சிறு பங்கு மோனோசைட்டுகள். ஆய்வகத்தில் பெரும்பாலும் சோதிக்கப்படுபவை லிம்போசைட்டுகளும் மோனோசைட்டுகளும் மட்டுமே. காரணம், பிரித்தெடுக்கும் முறையிலேயே இருக்கிறது.

கையிலிருந்து 10 மில்லிலிட்டர் இரத்தம் எடுத்து, உறையாமலிருக்க ஹெப்பாரின் சேர்த்த குழாயில் பிடிக்கிறார்கள். சம அளவு உப்புக் கரைசல் கலந்து, அடர்த்தி 1.077 கொண்ட ஃபைக்கால் திரவத்தின்மேல் மெல்ல, கலங்காமல் ஊற்றுகிறார்கள். புவியீர்ப்பைப்போல 400 மடங்கு விசையில் 30 நிமிடம் சுழற்றினால் சிவப்பணுக்களும் நியூட்ரோஃபில்களும் அடியில் போய்விடும். லிம்போசைட்டும் மோனோசைட்டும் நடுவில் வெண்மையான வளையமாக நிற்கும். இயந்திரத்தை பிரேக் போட்டு நிறுத்தக்கூடாது. போட்டால் வளையம் கலைந்து அடியில் போனவை மேலேறும். இரத்தம் பல மணி நேரம் கிடந்து பழசாகியிருந்தாலும் நியூட்ரோஃபில்கள் அடர்த்தி மாறி வளையத்துக்குள் கலந்துவிடும். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்துக்குச் சுமார் 10 முதல் 20 லட்சம் செல்கள் கிடைக்கும்.

கவனியுங்கள்: வெள்ளையணுக்களில் பெரும்பான்மையான நியூட்ரோஃபில்கள் இந்தச் சோதனைக்குள் வரவே இல்லை. வெளியே எடுத்தால் நீண்ட நேரம் உயிரோடிருக்காத செல் அது. ஆகவே "நோய் எதிர்ப்புச் செல்கள்" என்று பொதுவாக எழுதப்படும் முடிவுகளில் பல, லிம்போசைட்டைப் பற்றியவை மட்டுமே.

பிரித்த செல்களை ஆர்.பி.எம்.ஐ. 1640 என்ற ஊட்டக் கரைசலில், 10 விழுக்காடு கன்றுக்கருச் சீரம் சேர்த்து, 37 டிகிரியிலும் 5 விழுக்காடு கரியமில வாயுவிலும் வைக்கிறார்கள். டி செல் சும்மா இருந்தால் பிரியாது, தூங்கும். பைட்டோஹீமாக்ளுடினின் என்ற அவரைக்குடும்பப் புரதத்தைச் சேர்த்தால் விழித்துப் பெருகத் தொடங்கும். தூங்கும் செல், விழித்த செல் இரண்டையும் தனித்தனியே சோதிப்பது நல்ல ஆய்வு.

நான்கு குடுவைகள்

நம்பத்தக்க ஒரு சோதனையில் ஒரே மனிதரின் செல்கள் நான்காகப் பிரிக்கப்படும். ஒன்று அலைக்குள் வைக்கப்படும். இரண்டாவது, அதே போன்ற இன்னொரு கருவிக்குள், அதே விசிறி, அதே வெப்பநிலை, ஆனால் அலை மட்டும் அணைக்கப்பட்டு வைக்கப்படும். இதைப் போலி வெளிப்பாடு என்கிறோம். மூன்றாவது வழக்கமான இன்குபேட்டரில் இருக்கும். நான்காவதற்கு, பாதிப்பு நிச்சயம் என்று தெரிந்த ஒன்றைக் கொடுப்பார்கள்: 1 கிரே (கதிர் அளவின் அலகு) எக்ஸ் கதிர், டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் மருந்தான மைட்டோமைசின் சி, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை. நான்காவதில் மாற்றம் தெரியவில்லை என்றால் அளக்கும் முறையே வேலை செய்யவில்லை. மற்ற மூன்றையும் பார்த்துப் பயனில்லை.

இரண்டாவது குடுவை ஏன் அவ்வளவு முக்கியம்? அலைக்கருவியின் பெட்டி, அதன் விசிறி, அதன் அதிர்வு எல்லாமே செல்லைத் தொடுகின்றன. முதல் குடுவையை இன்குபேட்டர் குடுவையோடு மட்டும் ஒப்பிட்டால், பெட்டியின் விளைவையும் அலையின் விளைவையும் பிரிக்க முடியாது. இரண்டு பெட்டிகளுக்கும் இடையே வெப்ப வேறுபாடு 0.1 டிகிரிக்குள் இருக்கவேண்டும். எந்தப் பெட்டியில் அலை இருந்தது என்று செல்லை எண்ணுபவருக்குத் தெரியக்கூடாது. எதில் அலை என்பதைக் கணினியே தேர்ந்தெடுத்துக் குறியீட்டில் மறைத்துவைக்க, எல்லா அளவீடும் முடிந்த பிறகே அந்தக் குறியீட்டை உடைக்கவேண்டும்.

இதற்கு மாறாக, ஓர் உண்மையான கைபேசியைக் குடுவைக்குப் பக்கத்தில் வைத்து அழைப்புக் கொடுத்துச் செய்யும் சோதனைகள் நிறைய வந்திருக்கின்றன. படிப்பவருக்கு இதுதான் "நிஜ வாழ்க்கை" போலத் தோன்றும். உண்மையில் இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. கைபேசி தன் திறனை நொடிக்குப் பலமுறை கூட்டிக் குறைக்கும். பழைய ஜி.எஸ்.எம். கைபேசி 900 மெகாஹெர்ட்ஸில் உச்சத்தில் 2 வாட் அனுப்பும். எட்டில் ஒரு நேரப்பகுதியில் மட்டுமே பேசுவதால் சராசரி 0.25 வாட். 4ஜி கைபேசியின் உச்சம் பொதுவாக 0.2 வாட். கோபுரம் பக்கத்தில் இருந்தால் இதில் நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகிவிடும். இன்குபேட்டர் என்பது உலோகப் பெட்டி. கதவை மூடினால் சிக்னல் கெட்டு, கைபேசி முழுத் திறனுக்குப் போகலாம், இணைப்பே அறுந்தும் போகலாம். செல்லுக்கு எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது. மேலும் பேட்டரியும் செயலியும் வெளிவிடும் சாதாரணச் சூடு குடுவையை நேரடியாகத் தாக்கும். போலி வெளிப்பாட்டுக்கு அணைத்துவைத்த கைபேசியை வைத்திருப்பார்கள், அது சூடாகாது. முடிவில் வேறுபாடு வராமலிருந்தால்தான் ஆச்சரியம்.

சரியான கருவி வைத்திருப்பவர்களுக்கும் சிக்கல் உண்டு. குடுவையில் திரவத்தின் விளிம்பு வளைந்து மேலேறும் இடத்தில் அலை குவியும். லிம்போசைட்டுகள் மிதப்பதில்லை; சற்று நேரத்தில் அடியில் படிந்துவிடும். அடியில் எஸ்.ஏ.ஆர். எவ்வளவு என்பதுதான் கணக்கு; முழுத் திரவத்தின் சராசரியைச் சொன்னால் போதாது. பல குழிகள் கொண்ட தட்டென்றால் நடுக்குழியும் ஓரக்குழியும் ஒரே அளவு பெறாது.

என்ன அளக்கிறார்கள், எங்கே வழுக்குகிறது

டி.என்.ஏ. அறுந்ததா என்று பார்க்க வால்வெள்ளிச் சோதனை. செல்லை ஜெல்லில் பதித்து, மின்சாரம் பாய்ச்சினால், அறுந்த துண்டுகள் வால்போல நீளும். செல்லைச் சூடான அறையில் சற்றுக் காத்திருக்க வைத்தாலே அது சின்ன அறுபாடுகளைத் தானே தைத்துவிடும். அலைக்குள் இருந்த குடுவையை முதலிலும் போலிக் குடுவையை அரை மணி கழித்தும் எடுத்தால், அந்த அரை மணியே "விளைவு" ஆகிவிடும். ஏற்கெனவே இறந்துகொண்டிருக்கும் செல்லும் பெரிய வாலைக் காட்டும். எனவே உயிரோடிருக்கும் செல் எத்தனை விழுக்காடு என்ற எண் இல்லாத வால்வெள்ளி முடிவை நாம் நம்புவதில்லை.

அதைவிட உறுதியானது நுண்கரு எண்ணும் முறை. பைட்டோஹீமாக்ளுடினின் கொடுத்து விழிக்கவைத்த செல்லுக்கு 44-ஆம் மணியில் சைட்டோகலாசின் பி சேர்த்தால் கரு இரண்டாகும், செல் உடல் பிரியாது. 72-ஆம் மணியில் எடுத்து, இரு கரு கொண்ட செல்கள் ஆயிரத்தில் எத்தனையில், மரபுப்பொருள் சேதத்தின் அடையாளமாகத் தனியாக ஒரு குட்டிக் கரு இருக்கிறது என்று எண்ணுகிறார்கள்.

ஆக்சிஜன் வினைத்துகளை அளக்கும் டைகுளோரோஃபுளோரசின் சாயம்தான் இந்தத் துறையின் பெரிய தலைவலி. விளக்கொளி பட்டாலே அது தானாக ஒளிரத் தொடங்கும். சோதனை மேசையில் ஒரு தட்டு வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் கூடுதலாக இருந்தால் போதும். செல் விழித்ததா என்பதற்கு மேற்பரப்பில் சி.டி.69, சி.டி.25 குறிகளையும், கரைசலில் இன்டர்லியூக்கின் 2, இன்டர்ஃபெரான் காமா போன்ற சைட்டோகைன்களையும் (செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தூதுப் புரதங்களையும்) அளக்கிறார்கள். இயற்கைக் கொல்லிச் செல்லின் திறனைப் பார்க்க, கே562 என்ற இரத்தப்புற்றுச் செல்லை அதன்முன் வைத்து எத்தனை கொல்கிறது என்று எண்ணுகிறார்கள்.

இத்தனையும் அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது. இருபது குறிகளை அளந்து, ஒவ்வொன்றுக்கும் வழக்கமான 5 விழுக்காட்டு வரம்பை வைத்தால், உண்மையில் எந்த விளைவும் இல்லாதபோதும் குறைந்தது ஒன்றாவது "குறிப்பிடத்தக்க மாற்றம்" காட்டுவதற்கான வாய்ப்பு, குறிகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், 64 விழுக்காடு. அந்த ஒன்றுதான் தலைப்புச் செய்தியாகும்.

இதுவரை தெரிந்தது

2004-இல் இத்தாலியக் குழு ஒன்று 1800 மெகாஹெர்ட்ஸ் அலையில் மனித லிம்போசைட்டுகளை 44 மணி நேரம், 10 நிமிடம் அலை, 20 நிமிடம் ஓய்வு என்று மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தது. கிலோவுக்கு 2 வாட் வரை. செல்கள் இறப்பதில் போலிக் குடுவையோடு வேறுபாடு தெரியவில்லை. 2006-இல் வந்த இன்னோர் ஆய்வில் 14 பேரின் இரத்தத்தை 24 மணி நேரம் 935 மெகாஹெர்ட்ஸில் 1, 2 வாட் அளவுகளில் வைத்தார்கள். டி.என்.ஏ. பாதிப்பு கூடவில்லை, எக்ஸ் கதிரோடு சேர்த்துக் கொடுத்தபோதும் எக்ஸ் கதிரின் பாதிப்பை அலை அதிகமாக்கவில்லை.

எதிர்பாராத முடிவும் உண்டு. 2009-இல் நேப்பிள்ஸில், லிம்போசைட்டுகளை 900 மெகாஹெர்ட்ஸில் 20 மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு மைட்டோமைசின் சி கொடுத்தபோது, மைட்டோமைசின் மட்டும் பெற்ற செல்களைவிட நுண்கருக்கள் குறைவாக இருந்தன. ஐந்து பேரில் நால்வரிடம் அப்படி, ஐந்தாமவரிடம் இல்லை. முன்கூட்டிய சிறு சீண்டல் செல்லைத் தயார்ப்படுத்துகிறதோ என்ற கேள்வியை இது எழுப்பியது. இதை வைத்துக் கைபேசி நல்லது என்று சொல்வது, வேறொரு தட்டை வைத்துக் கெட்டது என்று சொல்வதைப்போலவே தவறு. ஆனால் வெப்பம் தவிர எதுவுமே இல்லை என்று கதவைச் சாத்திவிடுவதும் சரியல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

விலங்குகளில் பழைய சோவியத் ஆய்வுகள் குறைந்த அளவு நுண்ணலையே நோய் எதிர்ப்பைக் குலைக்கிறது என்றன. அங்கே வரம்பு கடுமையாக வைக்கப்பட்டதற்கு அவையும் ஒரு காரணம். அவற்றைச் சரிபார்க்க பிரான்சிலும் ரஷ்யாவிலும் எலிகளை 2450 மெகாஹெர்ட்ஸில், நாளுக்கு 7 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள், 30 நாட்கள் வைத்தார்கள். 2009, 2010-இல் முடிவுகள் வந்தன. பிரெஞ்சுக் குழு எதுவும் காணவில்லை. ரஷ்யக் குழு ஓரளவு மாற்றம் கண்டதாகச் சொன்னது. ஒரே திட்டம், இரண்டு முடிவு.

2011 மே மாதம் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலையை 2பி பிரிவில், "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்று வைத்தது. அது பெரும்பாலும் மூளைக்கட்டி பற்றிய மக்கள் ஆய்வுகளைப் பார்த்து எடுத்த முடிவு. லிம்போசைட் தட்டுகளைப் பார்த்து எடுத்தது அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்யப்பட்ட தொகுப்பாய்வுகள் 2024-இல் வந்தன. மூளைப் புற்று கூடியதாக அவை காணவில்லை. ஆக்சிஜன் வினைத்துகள் பற்றிய ஆய்வுகளின் உறுதி "மிகக் குறைவு" என்று மதிப்பிட்டன. மரபணுப் பாதிப்பு ஆய்வுகளைத் தரவாரியாக அடுக்கிப் பார்த்தவர்கள் கண்டது இன்னும் தெளிவானது: குறியீடு மறைத்தல், சரியான அளவீடு, போலி வெளிப்பாடு, நிச்சயப் பாதிப்புக் குடுவை எல்லாம் இருந்த ஆய்வுகளில் வேறுபாடு சுருங்கிவிடுகிறது.

உடலுக்குள் ஓடும் செல்

தட்டில் ஒரு லிம்போசைட் 24 மணி நேரம் ஒரே இடத்தில் அலையை வாங்குகிறது. உடலில் ஓய்வுநிலையில் இரத்தம் சுமார் ஒரு நிமிடத்தில் ஒரு சுற்றுப் போகிறது. காதுக்குப் பின்னால் ஓடும் லிம்போசைட் அங்கே சில நொடிகள்தான் இருக்கும். அரை மணி போல இரத்தத்தில் சுற்றிவிட்டு ஏதோ ஒரு நிணநீர்க் கணுவுக்குள் நுழைந்துவிடும். இடம்பெயராமல் கைபேசிக்கு அருகிலேயே இருப்பவை வேறு: தோலின் மேலடுக்கில் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள், காதோரத்திலும் கழுத்திலும் உள்ள நிணநீர்க் கணுக்களில் தங்கியிருப்பவை, மண்டையோட்டு மஜ்ஜை, மூளையின் காவல் செல்களான மைக்ரோக்லியா. உண்மையான கேள்விகள் இவற்றைப் பற்றியவையாகத்தான் இருக்கவேண்டும். 26,000 மெகாஹெர்ட்ஸ் அலை தோலில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே நின்றுவிடும் என்பதால், அங்கே லாங்கர்ஹான்ஸ் செல்லே முதல் வரிசையில் இருக்கிறது.

மனிதர்களை வைத்தே நேரடியாகச் சோதிக்கலாமே என்று தோன்றும். அழைப்புக்கு முன்னும் பின்னும் இரத்தம் எடுத்து எண்ணுவார்கள். ஆனால் இரத்தத்தில் லிம்போசைட் எண்ணிக்கை நள்ளிரவை ஒட்டி அதிகமாகவும், கார்ட்டிசால் உயரும் காலையில் குறைவாகவும் இருக்கும். காலை எட்டு மணிக்கும் நண்பகலுக்கும் எடுத்த எண்கள் கைபேசியே இல்லாமலும் மாறும். ஊசியைக் கண்ட பயத்தில் சுரக்கும் அட்ரினலின் சில நிமிடங்களில் இயற்கைக் கொல்லிச் செல்லை இரத்தத்துக்குள் தள்ளிவிடும். அதே மனிதருக்கு, அதே நேரத்தில், வேறொரு நாள் போலி அழைப்புக் கொடுத்து எடுத்த இரத்தம் இல்லாவிட்டால் ஒப்பீடே இல்லை.

ஒரு துளி இரத்தத்தை நுண்ணோக்கியில் காட்டி, கைபேசி பேசியபின் செல்கள் ஒட்டிக்கொள்கின்றன என்று காட்டும் காணொளிகளும் சுற்றுகின்றன. நாணயங்களை அடுக்கியதுபோல ஒட்டுபவை சிவப்பணுக்கள், வெள்ளையணுக்கள் அல்ல. துளியின் கனம், கண்ணாடிமீது அது காயும் நேரம், இரத்தப் புரதங்களின் அளவு ஆகியவற்றைப் பொறுத்து அந்த அடுக்கு தோன்றும், மறையும்.

வாங்கும் அளவைக் குறைக்க விரும்பினால்

அதற்கு அச்சப்படத் தேவையில்லை. அலையின் இயல்பு தெரிந்தால் போதும். தலையிலிருந்து தூரம் கூடக்கூட அளவு வேகமாக இறங்கும். ஒலிபெருக்கியில் பேசுவதும், கம்பி வழிக் காதொலிப்பானும் தலைக்குப் போகும் பங்கைப் பெருமளவு குறைக்கும். பல புளூடூத் காதொலிப்பான்கள் அனுப்புவது 2.5 மில்லிவாட்டுக்குள், 4ஜி கைபேசியின் உச்சத்தில் எண்பதில் ஒரு பங்கு. சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும் இடத்தில், மின்தூக்கியில், ஓடும் வண்டியில் கைபேசி உச்சத் திறனுக்குப் போகும். நீண்ட பேச்சை அங்கே தவிர்க்கலாம். காதோரம் சூடாவதில் பெரும்பங்கு பேட்டரியும் செயலியும் தருவது, காற்றுப் படாமல் தோலை மூடியிருப்பதால் தேங்குவது; அதை அலையின் அளவாக எண்ணவேண்டாம்.

கதிர்வீச்சைத் தடுக்கும் ஒட்டிகள் வேண்டாம். உண்மையிலேயே அலையைத் தடுக்கும் ஒட்டி ஆன்டெனாவை மறைக்கிறது. கோபுரத்தை எட்ட கைபேசி திறனைக் கூட்டுகிறது. தடுக்காத ஒட்டி வெறும் ஒட்டி.

இரண்டு கைபேசிகளில் ஒன்றின் எஸ்.ஏ.ஆர். 0.6, மற்றொன்றுக்கு 1.2 என்றால் முதலாவது பாதி அளவுதான் கொடுக்கும் என்றும் எண்ணவேண்டாம். அந்த எண்கள் இரண்டும் முழுத் திறனில் ஓடவிட்டு, தலை வடிவ அச்சுக்குள் நிரப்பிய திரவத்தில் அளந்த உச்சங்கள். நல்ல ஆன்டெனா கொண்ட 1.2 கைபேசி, அன்றாடப் பேச்சில் குறைந்த திறனிலேயே கோபுரத்தை எட்டி, 0.6 கைபேசியைவிடக் குறைவாகக் கொடுக்கவும் கூடும்.